மலையில் சாமான் கைவிட்டால்: உப்புக்காற்று ஊர்க்காரருக்கு ஒரு பழுது பார்க்கும் வழி

எங்கள் ஊரின் பெயரிலேயே மலை இருக்கிறது. ஆனால் உண்மையான மலைக்குப் போவதென்றால் விடியப்புறம் பஸ் பிடித்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று அரை நாள் குலுங்க வேண்டும். திருகோணமலையில் வேர்க்க வேர்க்கப் பையைக் கட்டி, அதே நாள் இரவு பல்லுக் கிட்டும் குளிரில் அதைத் திறக்கிறோம். பத்துப் பன்னிரண்டு வருடமாக நக்கிள்ஸ், ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை என்று அலைந்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. எங்கள் சாமானில் பாதி மலையில் பழுதாவதே இல்லை. அது இங்கே, கட்டிலுக்குக் கீழேயும் அலுமாரிக்குள்ளேயும், உப்புக்காற்றிலும் ஈரலிப்பிலும் ஏற்கெனவே பழுதாகிவிட்டது. மலையில்தான் நமக்குத் தெரியவருகிறது, அவ்வளவுதான்.

அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் அங்கே நின்றபடி என்ன செய்யலாம், வீட்டுக்கு வந்து என்ன செய்யலாம் என்று இரண்டையும் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்த கோளாறு எதுவோ அதற்குப் போங்கள், முழுதும் வாசிக்கத் தேவையில்லை. குளிரில் கொடுகும் பகுதியை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

சப்பாத்தின் அடி வாயைப் பிளக்கிறது

நான் முதலில் பட்டது இதுதான். கனடாவிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்து தந்த சப்பாத்து, கணுக்கால் மூடுகிற சாதி, நல்ல விலை. வீணாக்கக் கூடாதென்று பெட்டியோடு அலுமாரியில் வைத்து நாலு வருடம் பொத்திப் பொத்திக் காத்தேன். ரத்தோட்டையால் ஏறி றிவர்ஸ்டனில் இறங்கி நடக்கத் தொடங்கி ஒரு மணித்தியாலம்கூட இராது, வலது கால் சளக் சளக் என்றது. சேறு ஒட்டியிருக்கிறதாக்கும் என்று ஒரு கல்லில் தட்டினேன். கீழ் ரப்பர் முழுதாகக் கழன்று முன்பக்கத்தில் மட்டும் நாக்குப் போலத் தொங்கியது. ரப்பருக்கும் மேல் தோலுக்கும் நடுவே பஞ்சு போல ஒரு பகுதி இருக்குமே, அது பழைய கேக் மாதிரிப் பொடிந்து விரலில் ஒட்டியது. இருபது நிமிடம் கழித்து இடது காலும் அதே மாதிரி. ஒரு நாள்கூடப் போடாத சப்பாத்து!

காரணம் இதுதான். அந்த நடுப்பகுதி பல சப்பாத்துகளில் பொலியூரித்தேன் என்கிற ஒரு சாதிப் பிளாஸ்டிக். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, அந்த ஈரமே அதன் பிணைப்புகளை உள்ளுக்குள் அறுத்துவிடும். வெக்கை கூடினால் வேகமும் கூடும். வெக்கையும் ஈரமும் ஒன்றாக இருக்கிற ஊர் எது என்று கேட்டால் நான் கடற்கரைப் பக்கம் கையை நீட்டுவேன். இதில் பகிடி என்னவென்றால், அடிக்கடி போட்டு நடந்த சப்பாத்து நீண்ட நாள் தாங்கும், பெட்டிக்குள் மூடிக் காத்ததுதான் சீக்கிரம் சாகும்.

முதலில் எது கழன்றது என்று பாருங்கள். ரப்பர் சுத்தமாகப் பிரிந்து, நடுப்பகுதி நகத்தால் அழுத்தினாலும் கெட்டியாக இருந்தால் அது பசை விட்டது மட்டும்தான். ஊருக்கு வந்து சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டிச் சுற்றித் தைத்தால் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓடும். சுப்பர் குளூ போடாதீர்கள், அது காய்ந்து கண்ணாடி போல் இறுகி, அடி வளையும்போது வெடித்துப் போகும். நடுப்பகுதியே பொடிந்தால் அதற்குப் பசையும் இல்லை, தையலும் இல்லை. சப்பாத்து செத்துப்போச்சு.

மலையில் நிற்கும்போது இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: கட்டு. எங்கள் பெடியள் யாரோ பையில் வைத்திருந்த வலை பின்னும் நைலோன் நூல்தான் அன்று என்னைக் காப்பாற்றியது. ரப்பரை இடத்தில் வைத்து, பாதத்தின் நடுவில் நாலு சுற்று, விரல் பக்கம் நாலு சுற்று, இரண்டையும் மேலே குறுக்காக இணைத்து ஒரு கட்டு. ரப்பரில் பள்ளமான கோடுகள் இருக்குமே, நூல் அந்தப் பள்ளத்துக்குள் விழும்படி சுற்றினால் கல்லில் தேயாது. அப்படியும் அரை மணிக்கு ஒருமுறை அறுந்தது, குந்தியிருந்து திரும்பக் கட்டினேன். வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டி நாலைந்து பையில் இருந்தால் இன்னும் நல்லது. எதுவும் இல்லையென்றால் சப்பாத்துக்கு மேலே ஒரு பழைய மேஸை (காலுறையை) இழுத்துப் போடுங்கள், பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் ஈரக் கல்லில் வழுக்காது.

கட்டிவிட்டுத் திரும்பி இறங்குங்கள், மேலே ஏறாதீர்கள். இதைச் சொன்னால் பெடியளுக்குக் கோபம் வரும், இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவதா என்பார்கள். 2016இல் ஜயந்தி குரு உதும்பால இலங்கையிலிருந்து முதல் ஆளாக எவரெஸ்ட் உச்சியைத் தொட்டபோது, கூடப்போன ஜொஹான் பீரிஸ் 8400 மீற்றர் அளவில் திரும்பினார். 2018இல் மறுபடி போய்த் தொட்டார். றிவர்ஸ்டன் எங்கும் ஓடிப்போகாது.

வீட்டில் செய்ய வேண்டியது: பயணத்துக்கு இரண்டு கிழமை முன்னமே சப்பாத்தை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் நடுப்பகுதியை அழுத்துங்கள், வளைத்து வெடிப்புப் பாருங்கள், பிறகு மூன்று நாலு நாள் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடவுங்கள். பிரிவதென்றால் இங்கே டைக் வீதியில் பிரியட்டும், ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வரலாம்.

விடிய எழும்பினால் கூடாரத்துக்குள் எல்லாம் ஈரம்

பத்துப் பேரில் எட்டுப் பேர் இதற்குக் கூடாரத்தைத் திட்டுவார்கள், கடைக்காரனையும் சேர்த்து. முதலில் ஒரு கேள்வி: இரவு மழை பெய்ததா? பெய்யவில்லை என்றால் அது ஒழுக்கு இல்லை, உங்கள் மூச்சு. ஒரு ஆள் ஒரு இரவில் மூச்சாலும் வேர்வையாலும் ஒன்றிரண்டு கோப்பைத் தண்ணீர் விடுகிறார். மூன்று பேர் படுத்தால் கணக்குப் பாருங்கள். வெளியே குளிர்ந்த துணியில் அது பட்டதும் முத்து முத்தாகக் கோர்த்து, யாராவது தலையால் முட்டினால் மழை மாதிரிக் கொட்டும். நாங்கள் வெக்கை ஊர்க்காரர், குளிர் என்றதும் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்து, காற்றுப் போகிற ஓட்டைகளுக்கும் துவாயை அடைத்துவிட்டுப் படுக்கிறோம். அதுதான் பிழை. மேலேயுள்ள காற்று வாய்களைத் திறந்து வையுங்கள், வாசல் ஸிப்பை மேல்பக்கம் ஒரு சாண் விடுங்கள், நனைந்த உடுப்பை உள்ளே வைக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் குளிரும்தான். ஈரத்தில் குளிர்வதைவிட அது பரவாயில்லை.

மழை பெய்திருந்தால், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தையல் வழியாகக் கோடு பிடித்து இறங்கினால் உள்பக்கம் ஒட்டியிருந்த பட்டி உரிந்திருக்கும், நகத்தால் இழுத்தாலே முழு நீளத்துக்கும் வரும். அந்த இரவுக்கு அந்த இடத்துக்குக் கீழே ஒரு சட்டியை வையுங்கள், வேறு வழியில்லை. ஊருக்கு வந்து பழைய பட்டியை முழுதாக உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, தையல் அடைக்கும் பசையை மெல்லிய தூரிகையால் பூசி ஒரு நாள் காயவிடுங்கள்.

தரையில் மட்டும் தண்ணீர் என்றால் கூடாரத்துக்கு அடியில் விரித்த பொலித்தீனைப் பாருங்கள். அது கூடாரத்தைவிடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து வழியும் மழை அதில் விழுந்து நேரே உங்கள் முதுகுக்குக் கீழே ஓடிவரும். ஓரத்தை உள்ளே மடித்துவிட்டால் முடிந்தது கதை. முழங்கால் அளவு புல்லுக்குள் தலையை விட்டு, வாயில் ரோச்சைக் கவ்விக்கொண்டு, மழையில் நனைந்து நனைந்து இதை மடித்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

கூடாரத்தை விரிக்கும்போதே துணி ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிவது போல் சத்தம் போட்டு, சத்தி மணம் அடித்தால்? அதுவும் சப்பாத்தைத் தின்ற அதே வியாதிதான், துணியின் உள்பூச்சும் பொலியூரித்தேன். ஸ்பிரிட்டால் தேய்த்து முழுப் பூச்சையும் எடுத்துப் புதிதாகப் பூசலாம் என்பார்கள். நான் ஒருமுறை செய்தேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது, முடிவில் வந்தது ஒரு நல்ல நிழற்பந்தல். மேல்விரிப்பை மட்டும் தனியாக வாங்க முடியுமென்றால் வாங்குங்கள், இல்லையென்றால் ஒரு தார்ப்பாயைக் கூடாரத்துக்கு மேலே கட்டுங்கள்.

கம்பு முறிந்தால், கூடாரத்தோடு வந்த நாலைந்து அங்குலக் குழாய்த்துண்டு ஒன்று பைக்குள் கிடக்கும். எதற்கென்று தெரியாமல் பலர் எறிந்துவிடுவார்கள். முறிந்த இடத்துக்கு மேலே அதைச் செருகி இரண்டு பக்கமும் பிளாஸ்டர் சுற்றினால் போதும். கம்பின் மூட்டுகள் கழராமல் இறுகி, வெள்ளைத் தூள் படிந்திருந்தால் போனமுறை நிலாவெளிக் கடற்கரையில் கூடாரம் போட்டுவிட்டுக் கழுவாமல் சுருட்டியிருப்பீர்கள், அது உப்பு அலுமினியத்தைத் தின்ற தூள். கடற்கரையில் போட்ட கூடாரம், கம்பு, ஆணி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசித்தான் உள்ளே வைக்க வேண்டும்.

காஸ் அடுப்பு நெருப்புக்குச்சி போல எரிகிறது

வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்த்தபோது ஓவென்று எரிந்திருக்கும். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் விடிய ஐந்து மணிக்குத் தேத்தண்ணி வைக்கப் போனால் நீலமாக ஒரு நூல், அவ்வளவுதான். ரின்னை ஆட்டினால் உள்ளே களக் களக் என்று காஸ் இருக்கிறது.

பிழை அடுப்பில் இல்லை. இங்கே மேசை அடுப்புக்கு விற்கிற நீட்டு ரின்னில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது ஏறக்குறைய 0 பாகையில்தான் ஆவியாகத் தொடங்கும். ஆயிரம் மீற்றர் ஏற ஏற ஆறு ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. ஹோர்ட்டன் சமவெளி 2100 மீற்றருக்கும் மேலே, தை மாசியில் அங்கே புல்லில் உறைபனி படிகிற விடியல்களும் உண்டு. 5 பாகையில் பியூட்டேன் ஆவியாக மனமில்லாமல் இருக்கும். போதாக்குறைக்கு, எரிய எரிய ஆவியாவதாலேயே ரின் தன்னைத்தானே இன்னும் குளிர வைக்கும். தொட்டுப் பாருங்கள், ஐஸ்பெட்டியில் வைத்தது போல இருக்கும்.

செய்ய வேண்டியது: அடுப்பை நிறுத்தி, ரின்னை ஒரு பத்து நிமிடம் சட்டைக்குள் வயிற்றோடு வையுங்கள். அடுத்த நாள் முன்யோசனையாக இரவே போர்வைக்குள் எடுத்துப் படுங்கள். மேலே திருகிப் பூட்டுகிற குட்டை ரின் என்றால், இளஞ்சூடான தண்ணீர் ஒரு அங்குலம் விட்ட தட்டில் நிறுத்தலாம். எவ்வளவு சூடு என்று கேட்டால், எங்கள் கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூடு போதும், கையை விட்டால் பொறுக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். நெருப்பில் காட்டுவது, கொதிதண்ணீரில் வைப்பது, காற்றுக்கு மறைப்பென்று ரின்னையும் அடுப்பையும் சேர்த்து ஒரே தகரத்தால் சுற்றி மூடுவது, இது மூன்றும் ஆளைக் கொல்லும். காற்றை அடுப்புக்கு மட்டும் மறையுங்கள், ரின் வெளியே மூச்சுவிடட்டும். வசதி இருந்தால் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த ரின் வாங்குங்கள். ஐசோபியூட்டேன் உறைநிலைக்குக் கீழே 12 பாகை வரைக்கும் ஆவியாகும், புரொப்பேன் 42 பாகை வரைக்கும். பஸ் நிற்கிற ஊர்க் கடைகளில் இந்தச் சாதியைத் தேடி நேரத்தை விடாதீர்கள், கொழும்பிலிருந்து முன்னமே எடுப்பித்துக்கொள்ளுங்கள்.

சுவாலை மஞ்சளாகி சட்டி கறுத்தால் அது வேறு. அடுப்பின் காற்றுத் துளையில் பூச்சி கூடு கட்டியிருக்கும், சட்டித் தேய்க்கிற கம்பியில் ஒரு இழை பிடுங்கிக் குத்தி எடுங்கள். பூட்டும் இடத்தில் ஸ் என்று சத்தமோ மணமோ வந்தால் அங்கேயுள்ள ரப்பர் வளையம் வெடித்திருக்கும். சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள், குமிழ் வரும். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கிற வீரர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு நான் கூடாரம் பகிர்வதில்லை.

எவ்வளவு மழை பெய்தாலும் மூடிய கூடாரத்துக்குள் சமைக்காதீர்கள். நெருப்புப் பிடிப்பது ஒரு பக்கம், அடுப்பு எரியும்போது வருகிற காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடியாகத் தொடங்கி நித்திரையாக முடியும்.

அப்புறம், அடுப்பு நன்றாக எரிந்தும் பருப்பு வேகவில்லை என்று ஒருத்தர் சண்டை பிடித்தார். பருப்பில் பிழையில்லை. முந்நூறு மீற்றருக்கு ஒரு பாகை என்ற கணக்கில் கொதிநிலை இறங்கும், 2300 மீற்றரில் தண்ணீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. பருப்பைக் காலையிலேயே ஒரு போத்தலில் ஊறப்போட்டு நடவுங்கள், அல்லது அவல் கொண்டுபோங்கள்.

ரோச் பற்றவில்லை

நெற்றியில் கட்டுகிற ரோச் என்றால் மூடியைத் திறவுங்கள். பற்றரி நுனியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் கசிந்துவிட்டது. தேசிக்காய்ப் புளியில் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி. கம்பி பச்சை பிடித்திருந்தால் பேனாக்கத்தியால் மெல்லச் சுரண்டுங்கள். புதுப் பற்றரி போட்டும் செத்துப்போயிருந்தால் பைக்குள் தானாக அமத்துப்பட்டு இரவு முழுக்க எரிந்திருக்கும். பஸ்ஸில் ஏறும்போதே ஒரு பற்றரியைத் திருப்பிப் போட்டுவிடுங்கள், எரியாது. சிவனொளிபாதமலைக்கு மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும் பாதையெல்லாம் விளக்கு இருக்கும், அந்தப் பழக்கத்தில் மற்றக் காலத்திலும் ரோச் இல்லாமல் போய், போன் வெளிச்சத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படியை இறங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். இறங்கி முடிய முன்னமே போனும் செத்துவிடும். குளிரில் போன் பற்றரி சட்டென்று விழும், அதனால் போனை வெளிப் பையில் வைக்காமல் சட்டைக்குள் உடம்போடு வையுங்கள், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.

பை தோளை அறுக்கிறது, பைக்குள் பொடுகு கொட்டுகிறது, ஸிப் பல்லுக் கவ்வவில்லை

தோள் வலி பெரும்பாலும் இடுப்புப் பட்டியை இடுப்பில் கட்டாததால் வருவது. அது தொப்புளுக்கு மேலே வயிற்றில் கிடக்கும். இடுப்பு எலும்பின் மேல்விளிம்பைக் கையால் தடவிப் பார்த்து, பட்டி அந்த எலும்பில் குந்துகிற மாதிரி வைத்து முதலில் அதை இறுக்குங்கள், பிறகுதான் தோள் பட்டி. பாரம் முக்கால்வாசி இடுப்புக்குப் போகும்.

பைக்குள்ளே கையை விட்டால் வெள்ளையாகச் செதில் செதிலாக ஒட்டுகிறதா? அதே பொலியூரித்தேன், அதே வியாதி. பை கிழியாது, மழை மட்டும் உள்ளே வரும். உரப்பைக்குள் போடுகிற தடித்த பொலித்தீன் உறை ஒன்றைப் புதிதாக வாங்கி உள்ளே விரித்து, சாமானை அதற்குள் போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள். வெளியே மாட்டுகிற மழை உறையைவிட இது நல்லது, காற்றில் பறக்காது.

ஸிப் மூட மூட பின்னால் திறந்துகொண்டு வந்தால் பல்லில் பிழை இல்லை, ஓடுகிற தலை அகன்றுவிட்டது. குறட்டால் அதன் இரண்டு பக்கமும் மெல்ல, மாறி மாறி, ஒரு துளி ஒரு துளியாக நசியுங்கள். அவசரப்பட்டு ஒரே அமத்தாக அமத்தினால் உடைந்துவிடும். உப்புப் பூத்து ஓடவே மாட்டேன் என்றால் சுடுதண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, காய்ந்ததும் மெழுகுதிரித் துண்டால் பல்லின் மேலே இழுங்கள்.

கரபைனர் (கயிறு கோர்க்கிற உலோகக் கொளுக்கி) வாய் திறக்கவில்லை, கயிறு சரியா என்று சந்தேகம்

கயிற்றில் இறங்குகிறவர்கள் எங்கள் ஊரில் கொஞ்சப் பேர்தான், ஆனால் கேள்வி மட்டும் அடிக்கடி வருகிறது: "அண்ணை, வள்ளத்துக் கயிறு இருக்கு, மொத்தமாத்தான் இருக்கு, அதில இறங்கலாமோ?" கூடாது தம்பி. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு முழம் வெட்டிப் போட்டுப் பார். மிதந்தால் அது பொலிப்புரொப்பிலீனோ பொலித்தீனோ, உரசலில் சூடேறினால் இளகிவிடும், வெயிலில் கிடந்து கிடந்து உள்ளே முறுகியும் போயிருக்கும். தாழ்ந்தால் நைலோனாக இருக்கலாம், அப்போதும் கூடாது. மலைக்கயிறு விழும் ஆளைத் தாங்கி இழுபட்டுக் கொடுக்கும்படி பின்னியது. நங்கூரம் இழுத்த கயிற்றின் உள்ளே எத்தனை வருட உப்பும் மணலும் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்.

மலைக்கயிற்றையும் ஒவ்வொரு முறையும் முழு நீளத்துக்கும் கையால் உருவுங்கள். வளைத்தால் வட்டமாக வளைய வேண்டும், ஓரிடத்தில் மட்டும் காகிதம் போல மடிந்தால் உள் நரம்பு போய்விட்டது. கார் பற்றரி வைத்த டிக்கியில் ஒருநாள் கிடந்த கயிறென்றால் பார்க்காமலே எறியுங்கள், அமிலம் நைலோனைத் தின்பது கண்ணுக்குத் தெரியாது. பாவிக்காமலே வைத்திருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் கயிறு செய்கிறவர்களே சொல்கிறார்கள்.

கரபைனர் வாய் ஒட்டிக்கொண்டால் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டுத் திறந்து திறந்து மூடுங்கள், அலசி, காயவிட்டு, கீலில் ஒரு துளி எண்ணெய் விட்டுத் துடைத்துவிடுங்கள். வெள்ளைத் தூளைத் துடைத்த பிறகு குழி குழியாகத் தெரிந்தால் அதில் உயிரைத் தொங்கவிடாதீர்கள், திறப்புக் கோர்க்கப் பாவியுங்கள்.

கடலோரப் பாறையில் ஆணி அடித்திருக்கிறது, பளபளவென்று இருக்கிறது, பிடிக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. தாய்லாந்தின் ரெய்லே கடற்பாறைகளில் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளே வெளியே பளபளத்துக்கொண்டு உள்ளே வெடித்து முறிந்த பிறகுதான் டைட்டேனியத்துக்கு மாறினார்கள். சுவாமி மலைப் பாறையில் ஏறலாமா என்றும் கேட்கிறார்கள். அது கோணேசர் இருக்கிற இடம், கும்பிடுவதற்கு.

இறங்கும்போது நகம் கறுக்கிறது, அட்டை விடவில்லை

நகம் கறுத்தால் சப்பாத்துச் சிறிதென்று நினைப்பீர்கள், பெரும்பாலும் நாடா தளர்ந்திருக்கும். இறக்கத்தில் கால் முன்னுக்கு வழுக்கி விரல் முட்டுகிறது. இறங்கத் தொடங்க முன் குதிக்காலைப் பின்னுக்குத் தட்டி, கணுக்காலடியில் நாடாவை இரண்டு சுற்று முறுக்கி இறுக்கிவிட்டு மேலே கட்டுங்கள். நகத்தையும் வெட்டிவிட்டுப் போங்கள்.

அட்டைக்கு நெருப்பு வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். ஒடுங்கிய முனைதான் வாய், அந்த இடத்தில் நகத்தைப் படுக்கவைத்துத் தள்ளினால் விட்டுவிடும். அது விட்ட பிறகும் இரத்தம் ஓடுவது பயப்படுகிற விஷயம் இல்லை, உறையவிடாத ஒன்றை அது ஊட்டிவிட்டுப் போகிறது. கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். காய்ந்த சவர்க்காரக் கட்டியைக் காலிலும் மேஸிலும் தேய்த்துவிட்டுப் போனால் குறைவாக ஏறும், மழையில் நுரை வரும், அதையும் பொறுங்கள்.

ஒருத்தர் குளிரில் கொடுகுகிறார், பிறகு கொடுகுவது நிற்கிறது

கொடுகுவது நல்லது, உடம்பு இன்னும் சண்டை பிடிக்கிறது என்று அர்த்தம். பேச்சுக் குழறி, தடுக்கித் தடுக்கி நடந்து, ஸிப்பை இழுக்க விரல் வராமல், "எனக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் போங்கோ" என்று குந்திவிட்டால் அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். கொடுகுவது நின்று ஆள் அமைதியானால் தேறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம், அதுதான் கெட்ட இடம்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பிக்கு நக்கிள்ஸில் இப்படி ஆனது, பகல் மூன்று மணிக்கு. உறைபனி ஒன்றும் இல்லை, 15 பாகை இருக்கும், ஆனால் மழை, காற்று, ஈர ஜீன்ஸ். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்று மறைவுக்குக் கொண்டுபோய், ஈர உடுப்பு முழுதையும் கழற்றி, காய்ந்த சாரம் இரண்டைச் சுற்றி, கீழே பைகளை விரித்து அதன் மேல் இருத்தி (நிலம்தான் அதிகம் சூட்டை இழுக்கும்), இரண்டு பேர் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு இருந்தோம். விழுங்கக்கூடிய நிலை என்றால் சீனி கூடிய இளஞ்சூட்டுத் தேத்தண்ணி கொடுங்கள். சாராயம் வேண்டாம், சூடு வந்த மாதிரித் தெரியும், உண்மையில் உள்சூடு தோலுக்கு வந்து வெளியே போகும். கையைக் காலைத் தேய்க்கவும் வேண்டாம். அரை மணியில் தம்பி திரும்பக் கொடுகத் தொடங்கினான், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. தேறாவிட்டால் சிக்னல் உள்ள இடத்துக்கு ஒருத்தரை அனுப்பி 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரம் இடி வரும். மயிர் சிலிர்த்து, கையிலுள்ள கம்பி இரைந்தால் எதையும் பார்க்காமல் உச்சியிலிருந்து கீழே இறங்கி ஓடுங்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் எல்லாம் மணக்கிறது

ஈரத்தோடு கட்டி வைத்ததுதான் காரணம். வந்த அன்றே, குளிக்க முன்னமே, எல்லாவற்றையும் பிரித்துக் கொடியில் போடுங்கள், ஆனால் நேர் வெயிலில் வேண்டாம், கச்சான் காற்று அடிக்கிற காலமென்றால் நிழலிலேயே ஒரு நாளில் காய்ந்துவிடும். மாரியில் என்றால் விசிறிக்குக் கீழே இரண்டு நாள். ஸ்லீப்பிங் பேக்கை அதன் சின்ன உறைக்குள் அமத்தி வைக்காமல் ஒரு தலையணை உறைக்குள் தளர்வாகப் போடுங்கள். இறகு அடைத்ததை இந்த ஊர் ஈரலிப்பில் காப்பாற்றுவது பெரும்பாடு, செயற்கைப் பஞ்சு போதும். ரோச்சிலிருந்து பற்றரியைக் கழற்றிவிடுங்கள். கூடாரத்தைக் கூரைக்குக் கீழே வெக்கையில் வைக்காதீர்கள், கம்புக்குள் இருக்கிற இழுபடும் கயிறு செத்துவிடும். புதுச் சாமான் பெட்டிகளில் வருகிற சிலிக்கா பைகளை எறியாமல் சேர்த்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் சாமானோடு போட்டு மூடுங்கள்.

சப்பாத்தை மட்டும் மூட வேண்டாம். என்னுடையது இப்போது வாசல் படியில்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் போட்டுக்கொண்டுதான் மீன் வாங்கப் போகிறேன். "எங்க, மலைக்கோ?" என்று மீன்காரர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார், காலைப் பார்த்துக்கொண்டே அரைக் கிலோ சூடை நிறுக்கிறார்.